பூமியின் வடிவத்தை எவரிடம் கேட்பது?

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. பூமியை ஆதிசேடன் தாங்குகிறான், அதைச் சுற்றி ஏழு கடல்கள் இருக்கின்றன, கிரகணத்தன்று ராகு நிலவை விழுங்குகிறான் என்று கேட்டு வளர்ந்தவர் அப்பத்தா. கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துவிட்டு, பூமி தட்டையானது, நம் புராணங்கள் அதைத்தான் சொல்லின, மேலைநாட்டார் மறைத்துவிட்டார்கள் என்று வாதிடுகிறான் தம்பி மகன். உருண்டை என்று ஏற்றுக்கொண்டால் புராணத்தையும் கோயிலையும் விட்டுவிடுவதுதான் நேர்மை என்கிறார் கணவர். எவரையும் நம்பாமல் நாமே பார்த்துக்கொள்ளக் கூடிய சான்று உண்டா, நம் நூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன, உருண்டை என்று அறிந்துகொண்டே கோயிலுக்குப் போகிறவர் தம்மை ஏமாற்றிக்கொள்கிறாரா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் நேர்விடை. பூமி உருண்டையானது, துருவங்களில் சற்றே அமுங்கி, நிலநடுக்கோட்டுப் பகுதியில் சற்றே புடைத்த உருண்டை. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவுவதற்கு இந்தக் கேள்வியில் இடமே இல்லை. ஆனால் இதை ஏற்பதற்காக அப்பத்தா தம் வழிபாட்டைக் கைவிட வேண்டியதும் இல்லை. அவர் நாள் பார்க்கும் பஞ்சாங்கம், பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைத்த சாதகம், கிரகணத்துக்காகக் கோயில் நடை சாத்தும் நேரம் ஆகிய எல்லாமே பூமி உருண்டை என்ற கணக்கின் மேல்தான் நிற்கின்றன. பூமியின் வடிவத்தை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதை நம் மரபின் பெரிய கணித அறிஞர்கள், பக்தியில் எவருக்கும் குறையாதவர்கள், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். நம்பிக்கையைக் காப்பதாக எண்ணித் தட்டைப் பூமியைப் பிடித்துக்கொள்கிறவர் அந்த மரபைத்தான் கைவிடுகிறார்.

சான்றை வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குவோம். நகரத்தார் வீடுகளில் பழைய பெட்டகத்தைத் திறந்தால் ரங்கூனிலோ பினாங்கிலோ சைகோனிலோ பிறந்த ஒரு பிள்ளையின் சாதகமாவது கிடைக்கக் கூடும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன குடும்பங்களில் அது இயல்பு. இலக்கினம் என்பது பிறந்த நேரத்தில் அந்த ஊரின் கீழ்வானில் உதித்துக்கொண்டிருக்கும் இராசி. ரங்கூன் காரைக்குடிக்குக் கிழக்கே ஏறத்தாழ 17 பாகை தள்ளி இருப்பதால், அங்கே கதிரவன் எழுவது சராசரியாக 70 நிமிடம் முந்தி நடக்கிறது. ஓர் இராசி உதித்து முடியச் சுமார் இரண்டு மணி நேரம். ஆகவே ஒரே நேரத்தில் ரங்கூனில் ஒரு பிள்ளையும் காரைக்குடியில் ஒரு பிள்ளையும் பிறந்தால் இருவருடைய இலக்கினமும் வேறுபட வாய்ப்பு அதிகம். அதனால்தான் சாதகம் கணிக்கிறவர், ஊர் கிழக்கு மேற்காக மாறுவதற்கான தேசாந்தரத் திருத்தம் செய்கிறார். தெற்கு வடக்காக ஊர் மாறினாலும் ஒவ்வொரு இராசியும் உதிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் மாறுவதால் அதற்குத் தனியாக ஒரு திருத்தம் உண்டு. பூமி ஒரு சமதளமாக இருந்தால் எல்லா ஊருக்கும் அடிவானம் ஒன்றே. கதிரவன் எழும்போது எல்லோருக்கும் ஒருசேர எழ வேண்டும். இந்தத் திருத்தம் எதற்குமே வேலை இருக்காது. சாதகப் பலன் உண்மையா என்பது வேறு கேள்வி, அதற்குள் நான் போகவில்லை. சாதகத்தைக் கணிக்கும் முறை உருண்டைப் பூமியை அடிப்படையாகக் கொண்டது என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

சாதகம் கிடைக்காதவர்கள் சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளிடம் மாலை ஆறு மணிக்கு முகம் பார்த்துப் பேசினாலே போதும். இங்கே வெளிச்சம் இருக்கும். அங்கே இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். தட்டைப் பூமிக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: கதிரவன் சிறியது, அருகில் இருப்பது, தட்டின் மேலே வட்டமிட்டு விலகிப் போவதால் இருட்டுகிறது என்பார்கள். விலகிப் போகும் பொருள் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். தக்க வடிகண்ணாடி வைத்துப் பார்த்தால், உச்சி வேளையிலும் மாலையிலும் கதிரவனின் அகலம் ஒன்றே, ஏறத்தாழ அரைப் பாகை. கண்மாய்க் கரையில் நின்று பார்க்கும்போது மாலைக் கதிரவன் சிறுத்து மறைவதில்லை. முழு அளவோடு அடிப்பக்கத்திலிருந்து அரிந்ததுபோல் இறங்கி மறைகிறது. விலகிப் போகும் சிறு கதிரவன் என்ற விளக்கம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

இனி நிழல். காரைக்குடி நடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருப்பதால், ஏப்ரல் 16-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 27-ஐ ஒட்டியும் நண்பகலில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழலே இருக்காது. அதே நாளில் சென்னையின் நண்பகலில் ஒரு மீட்டர் கோலுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். தில்லியில் 33 சென்டிமீட்டர் விழும். மாஸ்கோவில் கோலின் நீளத்துக்குச் சற்று மேலாகவே விழும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரதோஸ்தனிஸ் எகிப்தின் இரண்டு ஊர்களை வைத்துச் செய்த கணக்கு இதுதான். சையீனில் நண்பகலில் நிழல் இல்லாத நாளில் அலெக்சாந்திரியாவில் நிழல் வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சாய்ந்திருந்தது. இரு ஊருக்கும் இடையிலான தொலைவு அக்காலக் கிரேக்க அளவில் 5,000 ஸ்டேடியா. ஆகவே பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா என்று கண்டார்.

இந்த இடத்தில் தம்பி மகன் எழுப்பக் கூடிய மறுப்பு நியாயமானது, அதை எதிர்கொள்ளத்தான் வேண்டும். இரண்டே ஊர்களின் நிழலை மட்டும் வைத்துக்கொண்டால், தட்டைத் தரைமேல் அருகில் நிற்கும் கதிரவன் என்றும் கணக்குப் போட்டுவிடலாம். சென்னை காரைக்குடியிலிருந்து நேர் வடக்குக் கணக்கில் ஏறத்தாழ 333 கிலோமீட்டர். அங்கு விழும் நிழலைக் கொண்டு கணக்கிட்டால் கதிரவன் சுமார் 6,300 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதாக வரும். ஆனால் தில்லியின் நிழலைக் கொண்டு பார்த்தால் உயரம் சுமார் 6,100. மாஸ்கோவின் நிழலைக் கொண்டு பார்த்தால் 5,000-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரே கதிரவன் ஒரே நாளில் மூன்று உயரங்களில் நிற்க முடியாது. உருண்டை என்று கொண்டு, கதிரவன் வெகு தொலைவில் இருப்பதாக வைத்தாலோ மூன்று ஊரும் ஒரே விடையைத் தருகின்றன: சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். இரண்டு ஊரில் நிற்கிற வாதம் மூன்றாவது ஊரில் உடைவதை மாணவர்களுக்குக் காட்டாமல் எரதோஸ்தனிஸின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பதால்தான், காணொளிகளின் முன் அவர்கள் கையற்று நிற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பனைமரமும் சாட்சி சொல்லும். தொண்டிக் கடலில் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி, கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் கண் இருக்கும்படி படகில் நிற்கிறவருக்கு, கரையோரத்து 20 மீட்டர் பனையின் அடிப்பகுதி ஏறத்தாழ 8 மீட்டர் கடலுக்குக் கீழே மறைந்திருக்கும். காற்றில் ஒளி வளைவதால் இந்த அளவு சற்றுக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. கொண்டைதான் முதலில் தெரியும். பூமி சமமாக இருந்தால் பனை போன்ற நெடுமரங்கள் தொலைவிலிருந்து ஏன் கண்ணில் படுவதில்லை என்று லல்லர் தம் நூலில் கேட்கிறார். எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த வானியல் அறிஞர் அவர். தவறான அறிவு என்ற தலைப்பிலேயே ஓர் அத்தியாயம் எழுதி, புராணக் கதைகளின்வழி பரவிய வானியல் கருத்துகளை அதில் அவர் மறுத்திருக்கிறார்.

இனி, நம் நூல்கள் என்ன சொல்கின்றன என்ற கேள்வி. தம்பி மகன் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. விட்டுணு புராணமும் பாகவதத்தின் ஐந்தாம் காண்டமும் நடுவில் சம்புத் தீவு, அதன் நடுவில் மேரு, சுற்றிலும் தீவும் கடலுமாக ஏழேழு வளையங்கள் என்று ஒரு பெரும் பரப்பைத்தான் விவரிக்கின்றன. மேருவின் உயரம் 84,000 யோசனை (யோசனை என்பது பழைய தொலைவு அளவு). உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்று கடல்கள் வரிசையாக வருகின்றன. சமணர்களின் உலக வருணனையும் இதை ஒத்த பரப்புதான்; அதில் சூரியனும் இரண்டு, சந்திரனும் இரண்டு.

ஆனால் அதே காலத்தில், அதே மொழியில், அதே வழிபாட்டு மரபில் இன்னொரு வரிசை நூல்கள் எழுந்தன. சித்தாந்தங்கள் எனப்படும் அந்த வானியல் நூல்கள் அனைத்திலும் பூமி உருண்டைதான். கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதிய நூலில் பூமி எல்லாப் பக்கமும் உருண்டது. கடம்பப் பூவின் உருண்டையைச் சுற்றிலும் இதழ்கள் நிற்பதுபோல் உயிர்கள் அதன் எல்லாப் புறமும் நிற்கின்றன. அதன் விட்டம் 1,050 யோசனை என்று அளவும் தருகிறார். அவர் மேருவைக் கைவிடவில்லை. அதை வடதுருவத்தில் வைத்து, அதன் உயரம் ஒரே ஒரு யோசனை என்று எழுதினார். 84,000 எங்கே, ஒன்று எங்கே! பெயரையும் மதிப்பையும் வைத்துக்கொண்டு, அளவை மட்டும் கணக்குக்குள் கொண்டுவந்த அந்தத் துணிவை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

பாஸ்கரர் 1150-இல் எழுதிய சித்தாந்த சிரோமணியில், தம்பி மகனின் கேள்விக்கே விடை இருக்கிறது. கண்ணுக்குத் தட்டையாகத்தானே தெரிகிறது என்பாருக்கு அவர் சொல்வது: ஒரு வட்டத்தின் சுற்றளவில் நூறில் ஒரு பங்கு நேர்கோடாகவே தோன்றும், பூமி மிகப் பெரியது, அதன்மேல் நிற்கும் மனிதன் மிகச் சிறியவன், ஆகவே அவனுக்கு அது முழுதும் சமமாகப் படுகிறது. பூமி கண்ணாடி போல் சமமாக இருந்தால், அதற்கு மேலே சுற்றும் கதிரவன் தேவர்களுக்குத் தெரிவதுபோல் மனிதர்களுக்கும் எப்போதும் ஏன் தெரிவதில்லை என்று அவர் எழுப்பும் கேள்விக்கு இன்றுவரை தட்டைப் பூமிக்காரர்களிடம் விடை இல்லை.

அன்றும் இது சண்டை இல்லாமல் நடந்துவிடவில்லை. 628-இல் வானியல் நூல் செய்த பிரம்மகுப்தர், கிரகணத்துக்குக் காரணம் ராகு அன்று, நிழலே என்று சொன்னவர்களைக் கண்டித்து, வேதமும் சுமிருதியும் ராகுவைச் சொல்கின்றனவே என்று வாதிட்டார். வாதிட்டுவிட்டு, கிரகணத்தைக் கணிக்கும் இடத்தில் பூமி நிழலின் அளவை வைத்துத்தான் கணித்தார். நாலு நூற்றாண்டு கழித்து இசுலாமிய அறிஞர் அல்பிரூனி இந்த இடத்தைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய அறிஞர் ஏன் இப்படி எழுதினார், சாக்ரடீசுக்கு நேர்ந்தது தமக்கும் நேருமோ என்று அஞ்சினாரோ என்று எழுதிவைத்தார். கணவர் சொல்லும் நேர்மைக் கேள்வி ஏழாம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. நேர்மைக்குக் குறைவு வந்தது பிரம்மகுப்தர் கோயிலுக்குப் போனதால் அன்று. தாம் கணக்கில் நம்பியதை வாதத்தில் மறுத்ததால்தான்.

ராகு கேதுவின் கதையும் அப்படியே. நிலவின் பாதையும் கதிரவனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள்தாம் கணிதத்தில் ராகுவும் கேதுவும். நிலவும் கதிரவனும் அந்தப் புள்ளிகளை நெருங்கும்போதுதான் கிரகணம் நிகழ முடியும். பிள்ளையார்பட்டியிலோ வைரவன்பட்டியிலோ நவக்கிரகத்தைச் சுற்றி வரும் அப்பத்தா வணங்குவது உருவத்தை; பஞ்சாங்கக்காரர் கணிப்பது புள்ளியை. இரண்டும் ஒரே பெயரால் ஒரே ஊரில் நடந்துவருகின்றன. 1825-இல் சென்னையில் அச்சான தம் நூலில் வானியலாளர் ஜான் வாரன் ஒரு காட்சியைப் பதிவுசெய்திருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், எழுதுபலகை எதுவும் இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு அவ்வாண்டு நிலவு மறைப்பைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் நான்கு நிமிடப் பிழைக்குள் அமைந்தது. முடியும் நேரத்தில் பிழை ஒரு மணி நேரத்தை நெருங்கியது. கணக்கின் காரணம் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். காரணம் தெரியாமலே அவர் விரல்கள் நகர்த்திய அந்தச் சோழிகளுக்குள் உருண்டைப் பூமியின் நிழல் இருந்தது.

அந்த நிழலை நீங்களும் கண்டிருப்பீர்கள். 2025 செப்டம்பர் 7 இரவு 9.57-க்கு நிலவின் விளிம்பில் கருமை ஏறத் தொடங்கியது. 11 மணி முதல் 12.22 வரை நிலவு முழுதும் செம்பு நிறத்தில் இருந்தது. ஏறிய கருமையின் விளிம்பு வளைந்த வில்லாக இருந்தது. தட்டின் நிழலும் வட்டம்தானே என்று கேட்கலாம். தட்டு வட்டமான நிழல் போட வேண்டுமானால் கதிரவன் அதற்கு நேர்கீழே நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் நிழல் நீள்வட்டமாகும், பக்கவாட்டில் நின்றால் கீற்றாகிவிடும். நிலவு எழும்போது பிடித்த மறைப்பிலும், நள்ளிரவில் பிடித்த மறைப்பிலும், விடியலில் பிடித்த மறைப்பிலும் நிழல் வட்டமாகவே விழுகிறது. எந்தத் திசையிலிருந்து ஒளி பட்டாலும் வட்ட நிழல் போடுகிற வடிவம் உருண்டை ஒன்றுதான். அரிஸ்டாட்டில் சொன்ன காரணம் இது. இதைச் சரிபார்க்க அரசாங்கத்தின் புகைப்படம் எதுவும் வேண்டியதில்லை.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். புராணம் ஒன்று சொல்கிறது, அளவை வேறொன்று சொல்கிறது என்றால் பக்தர் எதை எடுத்துக்கொள்வது? இதற்கும் மரபுக்குள்ளேயே தெளிவான விடை உண்டு. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் சிவஞான சித்தியாரின் அளவையியல் தெரியும்: காண்டல், கருதல், உரை என்று அறியும் வழிகள் மூன்று. கண்ணால் காண்பதும், கண்டதிலிருந்து காரணத்தால் துணிவதும் எட்டாத பொருளுக்குத்தான் உரை, அதாவது அருள்நூல். ஆதிசங்கரர் கீதைக்கு எழுதிய உரையின் கடைசி அத்தியாயத்தில் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்: நெருப்பு குளிர்ந்தது என்று நூறு சுருதிகள் சொன்னாலும் அது பிரமாணம் ஆகாது. வேதத்தை இவரைவிட உயர்வாக வைத்தவர் எவர்? அவரே இப்படிச் சொல்கிறார் என்றால், பூமியின் வடிவம் காண்டலுக்கும் கருதலுக்கும் உரிய பொருளாக இருக்கும்போது, அதற்கு உரையைச் சாட்சிக்கு அழைப்பது அந்த உரையின் பெருமையைக் குறைப்பதாகும்.

மற்றச் சமயங்களிலும் ஆழ்ந்து எண்ணியவர்கள் இதையே சொல்லியிருக்கிறார்கள். கிரகணத்தின் கணித விளக்கத்தை மறுப்பது மார்க்கக் கடமை என்று எண்ணுகிறவர், மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்றார் இமாம் கஸ்ஸாலி. வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றித் தெரிந்தவர்கள் முன்னால், வேதாகமத்தின் பெயரால் அறியாமையாகப் பேசாதீர்கள் என்று கிறித்தவர்களை எச்சரித்தார் புனித அகுஸ்தீன்.

கதையைக் கதைக்குரிய மதிப்போடு வாசிப்பதற்கு அகத்தியர் நல்ல எடுத்துக்காட்டு. கயிலையில் சிவன் பார்வதி திருமணத்துக்கு எல்லோரும் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, அதைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்ற கதையைப் பூமி ஒரு பலகை என்பதற்குச் சான்றாகக் கொள்வது, அந்தக் கதை நமக்குத் தரும் பெருமிதத்தையே இழப்பதாகும். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்கிதையில் அகத்திய நட்சத்திரத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதில் அகத்தியருக்கு அருக்கியம் கொடுத்து வணங்கும் முறையும் இருக்கிறது. அந்த நட்சத்திரம் உதிக்கும் நாள் நாட்டுக்கு நாடு மாறும், கணித்துத்தான் அறிய வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. காரைக்குடியில் அந்த நட்சத்திரம் தென்வானில் 27 பாகை உயரம் வரை ஏறும்; தில்லியில் 9 பாகைகூட ஏறாது; வடக்கே 37 பாகையைத் தாண்டினால் தெரியவே தெரியாது. வணக்கமும் கணக்கும் ஒரே அத்தியாயத்தில், ஒரே கையால் எழுதப்பட்டவை.

எதிர்த்திசையில் ஒரு சறுக்கலும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று காட்டுவதற்காக, வராக மூர்த்தி கொம்பில் உருண்டையை ஏந்தியிருக்கும் படத்தைச் சிலர் அனுப்புகிறார்கள். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி செதுக்கியது பூமிதேவியை, ஒரு பெண்ணுருவாக. தேசப்பட உருண்டை பிற்கால வண்ணப்படங்களில் வந்து சேர்ந்தது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியையும் இப்படித்தான் இழுக்கிறார்கள். வீட்டுக்குள் நுழையும் கதிரொளியில் மிதக்கும் துகள்கள் போல அண்டங்கள் எல்லாம் சிறியவாகத் தெரிய, இறைவன் அத்தனை பெரியவனாக நிற்கிறான் என்று மணிவாசகர் பாடினார். நம் பக்கத்து ஆவுடையார்கோயிலில் ஆட்கொள்ளப்பட்டவர் பாடிய அந்த வரிகளில் இருப்பது இறைவன் முன் உயிர் உணரும் சிறுமை. அதை விண்வெளி அளவைப் பட்டியலாக்கினால் பாட்டும் போகும், அளவையும் கிடைக்காது. அளந்த பெருமை வேண்டுமென்றால் ஆரியபட்டரிடமும் பாஸ்கரரிடமும் நிறையவே இருக்கிறது.

பூமி முழு உருண்டை அன்று என்பதை அளந்ததில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1802-இல் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து, தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் முதல் வடக்கே நீளும் கோடு ஒன்றைப் பல ஆண்டுகள் அளந்தார் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன். தஞ்சைச் சமவெளியில் பனைகளும் தோப்புகளும் பார்வையை மறைத்ததால் கோயில் கோபுரங்களின்மேல் ஏறித்தான் கோணம் பார்த்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை ஏற்றும்போது வடம் அறுந்து, கருவி மோதிச் சேதமடைந்தது. அவர் அதைப் பழுதுபார்த்துக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். ஒரு பாகையின் நீளம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை, நடுக்கோட்டருகே 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர். நடுக்கோட்டில் பூமியின் ஆரம் துருவத்தில் இருப்பதைவிட 21 கிலோமீட்டர் அதிகம் என்பது இப்படிப்பட்ட அளவைகளின் முடிவு. அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது, நாளைக்குத் தட்டை என்றும் சொல்லும் என்பவர்கள் இந்தத் திருத்தத்தின் அளவைக் கவனிக்க வேண்டும்: 6,378-இல் 21. ஒவ்வொரு திருத்தமும் முந்தையதைவிடச் சிறியதாகிறதே தவிர, உருண்டை பலகையாகத் திரும்புவதில்லை.

சான்று இவ்வளவு இருந்தும் சிலர் ஏன் இணங்குவதில்லை? 1870-இல் இங்கிலாந்தில் ஜான் ஹாம்டன் என்பவர், பைபிளை எழுத்துக்கு எழுத்து நம்பி, நீர்ப்பரப்பு வளைந்திருப்பதைக் காட்டினால் 500 பவுண்டு தருவதாகப் பந்தயம் வைத்தார். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு சேர்ந்து வெளியிட்ட வாலஸ், நில அளவை தெரிந்தவர், அதை ஏற்றார். பெட்ஃபோர்ட் கால்வாயில் ஆறு மைல் நீளத்தில் சம உயரத்தில் குறிகள் வைத்து, நடுக்குறி மற்ற இரண்டையும்விட உயர்ந்து தெரிவதைத் தொலைநோக்கியில் காட்டினார். நடுவர் ஏற்றார், ஹாம்டன் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் வாலஸை அவதூறு செய்து, சிறைக்கும் போனார். அவருக்குக் கேள்வி கால்வாயைப் பற்றியதாக இருக்கவில்லை. வளைவை ஒப்புக்கொண்டால் தம் இறைவனை இழந்துவிடுவோம் என்று அவர் அஞ்சினார். தம்பி மகனிடமும் அப்பத்தாவிடமும் பேசும்போது இதை மனத்தில் கொள்ளுங்கள். கோயிலை விடு என்று தொடங்கினால் அவர்கள் கோயிலைக் காக்க நிற்பார்கள், நிழலைப் பார்க்கமாட்டார்கள். கணவரின் நிபந்தனை தட்டைப் பூமிக்குத்தான் ஆள் சேர்க்கிறது.

அந்த நிபந்தனை நம் வட்டாரத்தின் அனுபவத்துக்கும் ஒத்துவரவில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர்; 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அதே நிலையத்தின் அறிவியலாளர்களை அழைத்துவந்து குன்றக்குடியில் சிறுதொழில்களை உண்டாக்கியவர் திருமடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளார். திருநீறு அணிந்தவர் ஆய்வகத்தை நாடினார். ஆய்வகமும் மடத்தின் ஊருக்குள் வந்து வேலை செய்தது. எவரும் எதையும் விட்டுக்கொடுக்க நேரவில்லை.

கிரகணத்தன்று நடை சாத்துவது ஏன் என்று கணவர் கேட்கக் கூடும்; அதற்கும் ஒரு சொல். பெரும்பாலான கோயில்கள் நடை சாத்துகின்றன, காளத்தியில் சாத்துவதில்லை. தலத்துக்குத் தலம் மாறும் வழக்கம் அது. பூமியின் வடிவத்தைப் பற்றிய கூற்று அன்று. 2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகக் கங்கணக் கிரகணத்தின் (கதிரவன் வளையமாகத் தெரியும் கிரகணம்) பாதை போனபோது, எந்த ஊரில் எத்தனை மணிக்கு எவ்வளவு மறையும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது உருண்டைப் பூமிக் கணக்கால்தான். தட்டைப் பூமி வரைபடம் ஒன்றைக் கொண்டு அடுத்த கிரகணத்தை ஊர்வாரியாகக் கணித்துக் கொடு என்று தம்பி மகனிடம் கேளுங்கள். சினமில்லாமல், உண்மையாகவே கேளுங்கள்.

அதோடு அவனையே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஏப்ரல் 16-ஐ ஒட்டிய நாளில் வளவின் திறந்த முற்றத்தில் ஒரு மீட்டர் கம்பியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்தட்டும். கைக்கடிகாரம் 12.00 காட்டும்போது பார்க்கக் கூடாது. நம் ஊரின் உண்மையான நண்பகல் ஏறத்தாழ 12.15. பதினைந்து நிமிடம் முன்பிருந்தே நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தால், அது குறுகி மறைந்து மறுபுறம் முளைப்பது தெரியும். சென்னையிலும் தில்லியிலும் இருக்கும் உறவினர்கள் அதே நாளில், தத்தம் ஊரின் நண்பகலில், அதே நீளக் கம்பியின் மிகக் குறுகிய நிழலை அளந்து அனுப்பட்டும். சென்னையில் நண்பகல் 12.09-ஐ ஒட்டி வரும், தில்லியில் 12.21-ஐ ஒட்டி. முற்றத்தில் நிழல் விழாத நேரத்தை அப்பத்தாவும் வந்து பார்க்கட்டும். மூன்று எண்களையும் தாளில் எழுதிக் கணக்கைப் போட வேண்டியவன் அவன்தான். அதை அவனுக்காக நீங்கள் போட்டுவிடாதீர்கள்.